மாறுதலில் வந்தாச்சு, களஞ்சியத்தில் இன்னும் பழைய ஆபீஸ்தான் காட்டுகிறது

ஒன்றியஎழுத்தர்:
ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். அதே மாவட்டத்தில் வேறு ஒன்றியத்துக்கு மாறுதல். விடுவிப்பு ஆணை, இறுதி ஊதியச் சான்று, எஸ்.ஆர். (பணிப்பதிவேடு) எல்லாம் வந்து சேர்ந்து பணியேற்பும் முடிந்தது. ஆனால் அரசு ஊழியர்களுக்கான களஞ்சியம் ஆப்பில் பழைய ஒன்றியம்தான் நிற்கிறது, சி.எல். (தற்செயல் விடுப்பு) போட்டால் பழைய பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) லாகினுக்குப் போகிறது. புது ஆபீஸ் பில் கிளார்க் ‘லிஸ்ட்ல உங்க பேரே வரலை, கருவூலத்துல கேளுங்க’ என்கிறார், கருவூலத்தில் ‘உங்க ஆபீஸ்ல கேளுங்க’ என்கிறார்கள். பில் போடும் நேரம் நெருங்கிவிட்டது. யாரைப் பிடிப்பது?

பில்செக்‌ஷன்:
பழைய ஆபீஸைத்தான். பேப்பரில் விடுவித்துவிட்டார்கள், களஞ்சியத்துக்குப் பின்னால் இருக்கும் ஐஎஃப்எச்ஆர்எம்எஸ் என்ற சம்பள, பணிப்பதிவு மென்பொருளில் விடுவிக்கவில்லை. அதில் ஒருவர் பதியணும், ஒருவர் சரிபார்க்கணும், கடைசியில் அதிகாரி ஒப்புதல் தரணும், நடுவில் எங்கே நின்றாலும் நீங்கள் அங்கேதான் வேலை பார்க்கிறீர்கள் என்று கணக்கு. போன் போட்டு ‘ரிலீவ் பண்ணிட்டீங்களா’ என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ‘அப்ரூவர் லாகின்ல பெண்டிங் இருக்கா’ என்று கேளுங்கள்.

தெக்கத்திக்காரன்:
புது ஆபீஸில் புதுசா ஒரு என்ட்ரி போட்டுவிட்டால் என்ன?

பில்செக்‌ஷன்:
ஐயோ, வேண்டாம் சார். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு ஆனால் அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு, சிபிஎஸ் (பங்களிப்பு ஓய்வூதியம்) கணக்கும் குழம்பும். அதைவிட, புது ஆபீஸில் அந்தப் பணியிடம் காலி என்று காட்டுகிறதா பாருங்கள். முன்பு இருந்தவரை நகர்த்தாமல் விட்டிருந்தால் உங்களை உள்ளே எடுக்க முடியாது.

மலர்விழி:
பேப்பர் எஸ்.ஆரிலும் எழுதணும், கணினியிலும் ஏத்தணும். வேலை ரெண்டாச்சு, ஆள் மட்டும் அதே ஆள்.

ஒன்றியஎழுத்தர்:
கேட்டுவிட்டேன், பெண்டிங்கேதான். பழைய பிடிஓவும் மாறுதலில் போய்விட்டார், பொறுப்பில் இருப்பவருக்கு ஒப்புதல் உரிமையை இன்னும் மாற்றிவிடவில்லையாம். அவருக்கு அதை வாங்கிக் கொடுக்க ஆபீஸிலிருந்து கடிதம் போகிறது. இந்த மாதச் சம்பளம் அவ்வளவுதானா?

பில்செக்‌ஷன்:
போகாது, தாமதம்தான். பெயர் இங்கே வந்ததும் துணைப் பட்டியல் (விடுபட்ட சம்பளத்துக்குத் தனி பில்) போடச் சொல்லுங்கள், அதில் சிபிஎஸ் பிடித்தம் சரியாக ஏறியிருக்கிறதா பாருங்கள். ஜூலை இன்கிரிமென்ட் இருந்தால் அதற்குள் இதை முடித்துவிடுங்கள். சி.எல்.லுக்கு இப்போதைக்குப் பேப்பரில் எழுதி, புது பிடிஓவிடம் கையெழுத்து வாங்கி ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.