மறையுரை வேண்டாம், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கடைசி பெஞ்சு

பாஸ்காவுக்கு (ஈஸ்டருக்கு) முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் நான்காம் ஞாயிறு தாண்டிவிட்டது. "இந்த வருடம் எதை விட்டிருக்கிறீர்கள்" என்ற கேள்விக்கு எல்லோரும் பதில் சொல்லி முடித்தாயிற்று. இனிப்பு, கைபேசி, கோபம். வருடா வருடம் அதே பட்டியல்தான், நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதனால் இந்த முறை வேறொன்று கேட்கிறேன். தவக்காலத்திலோ பாஸ்கா நாட்களிலோ கோவிலுக்குள் நீங்கள் எதிர்பார்க்காமல் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். மறையுரைச் (பிரசங்கச்) சுருக்கம் மட்டும் வேண்டாம்.

நானே தொடங்குகிறேன். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று கூட்டம் அதிகம். நெற்றியில் சாம்பல் பூச குரு அல்லாத பொதுநிலையினரும் உதவலாம் என்பதால் பங்குத்தந்தை என்னையும் ஒரு பக்கம் நிற்கச் சொன்னார். போன வருடக் குருத்து ஞாயிறு ஓலையை எரித்த சாம்பல். நகக்கண்ணில் ஏறிவிட்டால் இரண்டு நாளைக்குப் போகாது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

பூசும்போது சொல்வதற்கு இரண்டு வாக்கியம் உண்டு. மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று நினைவூட்டுவது ஒன்று. மனம் மாறி நற்செய்தியை நம்பச் சொல்வது மற்றொன்று. நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். ஒருவர் முகத்தைப் பார்த்து "நீ மண்" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வரிசை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தலை நிமிர்ந்து பார்த்தால் எதிரில் அவர்.

பங்குப்பேரவையில் ஒரு கணக்கு விவகாரம். எனக்கும் அவருக்கும் ஆறு வருடமாகப் பேச்சில்லை. வாசலில் எதிரெதிரே வந்தால் ஒரு "வணக்கம்", அதோடு சரி. பக்கத்து வரிசைக்கு நகர்ந்துகொள்வார் என்று நினைத்தேன். நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைக் காட்டி நின்றார். "மனம் மாறி" என்று தொடங்கியதும் எனக்கே காது கூசியது. அத்தனை பேருக்கும் சொன்ன அதே வாக்கியம் அவருக்குச் சொல்லும்போது மட்டும் குத்திக்காட்டுவதுபோல் ஒலித்தது. பாதியில் நிறுத்தி "மண்ணாயிருக்கிறாய்" என்று மாற்றினேன். அது இன்னும் மோசம்! கடைசியில் இரண்டையும் கலந்து ஏதோ முணுமுணுத்துச் சிலுவை போட்டு அனுப்பினேன். அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு தெரிந்த மாதிரி இருந்தது. எனக்கு அப்படித் தோன்றியும் இருக்கலாம்.

சமாதான வாழ்த்து நேரத்தில் அவர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன். நடுவில் ஒரு தூண். சரி, உங்கள் முறை.

ஆல்டோ குரல்

தூண் என்று பழியை அதன்மேல் போட்டுவிட்டீர்கள் :)

பாடகர் குழுவில் இருப்பவர்களுக்குத் தவக்காலம் வித்தியாசமானது. ஞாயிறு திருப்பலியில் (பூசையில்) வானவர் கீதம் என்ற புகழ்ப்பாடல் இல்லை, அல்லேலூயா இல்லை. நாற்பது நாளும் நாக்கைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டு, புனித வெள்ளிக்கு முந்தின பெரிய வியாழன் மாலையில் மணிகளோடு வானவர் கீதத்தைப் பாடுவோம். அது முடிந்ததும் மணி மறுபடி அடங்கிவிடும். அடுத்தது சனிக்கிழமை இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில்தான். இதை வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் ஒரு வருடம் பாடகர் குழுவில் சேர்ந்து பார்க்கவேண்டும்.

எங்கள் குழுவில் ஒரு வயதான அம்மா இருந்தார். சுருதி விலக ஆரம்பித்தது. யாருக்கும் சொல்ல மனமில்லாததால் நான்தான் சொன்னேன். பக்குவமாகச் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன். "கொஞ்ச நாள் ஓய்வு எடுங்கம்மா" என்றேன். அவர் "சரிம்மா" என்றார். அந்த "கொஞ்ச நாள்" மூன்று வருடமாகிவிட்டது, அது வேறு விஷயம்.

திருவிழிப்பில் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலுரைப் பாடல். பெரும்பாலான இடங்களில் மூன்றாகக் குறைத்துவிடுவார்கள், செங்கடலைக் கடக்கும் விடுதலைப் பயண வாசகத்தை மட்டும் விடவே கூடாது. அந்த அம்மா குழுவில் இல்லாத ஒரு வருடம் எங்கள் பங்குத்தந்தை ஏழையும் வைத்தார். புனித வெள்ளியோடு என் தொண்டை போய்விட்டது, காற்றுதான் வந்தது. பாடாமல் மக்களோடு கீழே உட்கார்ந்தேன். எனக்குப் பின்வரிசையில் அந்த அம்மா.

விளக்கெல்லாம் அணைந்திருக்கிறது. பாட்டுப் புத்தகம் பார்க்க வழியில்லை. ஏழு பதிலுரையும், சரணங்களோடு, அவர் மனப்பாடமாகப் பாடினார். சுருதி விலகத்தான் விலகியது, அதில் நான் சொன்னது தவறில்லை. ஆனால் மேலே குழு எங்கே தாளம் தவறுமோ என்று பாடிக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் ஒருவர் கடவுளிடம் பேசிக்கொண்டிருந்தார். என் குரல் இருந்திருந்தால் இது என் காதில் விழுந்தே இருக்காது.

மறுவாரம் அவரை மறுபடி குழுவுக்குக் கூப்பிட்டேன். "வேண்டாம்மா, கீழே உக்காந்தாத்தான் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

ஞாயிறு மட்டும்

பாவசங்கீர்த்தனம் (ஒருவர் தன் பாவத்தைக் குருவிடம் அறிக்கையிடுவது) கேட்ட குருதான் வாய் திறக்கக்கூடாது. சொன்னவனுக்கு அந்தத் தடை இல்லை, எனவே சொல்கிறேன்.

பத்தொன்பது வருடம் போகவில்லை. வருடத்துக்கு ஒரு முறையாவது ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்தான்), பாஸ்காவை ஒட்டி நற்கருணை என்பது 1215-இல் ஆயர்கள் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் வைத்த விதி. எட்டு நூற்றாண்டாகக் கத்தோலிக்கர்கள் செய்துவருவதை நான் பத்தொன்பது வருடம் தள்ளிப்போட்டிருக்கிறேன். பெரிய பாவம் என்று ஒன்றும் இல்லை. கூச்சம்தான். முதலில் ஒரு வருடம் விட்டுப்போனது, அப்புறம் அந்த ஒரு வருடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு மற்றதும் சேர்ந்துகொண்டது.

போன தவக்காலத்தில் வரிசையில் போய் நின்றேன். இரண்டு முறை "கைபேசி அடிக்கிறது" என்று பாவனை காட்டி வெளியே வந்தேன். மூன்றாவது முறை முழங்காலிட்டாயிற்று. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், அது எளிதாகத்தான் இருந்தது. "மனத்துயர் மன்றாட்டு சொல்லுங்கள்" என்றதும் ஒன்றும் வரவில்லை. ஏழு வயதில் தூக்கத்தில் கேட்டாலும் சொன்ன செபம் அது. உள்ளேயிருந்து குருவானவர் மெதுவாக, "இடப்பக்கம் தாளில் ஒட்டியிருக்கிறேன் பாருங்கள். பாதிப்பேர் அதைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்" என்றார்.

பத்தொன்பது வருடத்துக்குப் பரிகாரமாக அவர் கொடுத்தது ஒரேயொரு கர்த்தர் கற்பித்த செபம். நம்புங்கள், எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. இவ்வளவு பெரிய கணக்கை இவ்வளவு மலிவாக முடித்துவிட்டாரே என்று. ஊதாரி மகன் உவமையில், திரும்பி வந்த தம்பியை அப்பா உடனே மன்னித்ததற்கு மூத்தவன் முகம் சுளித்ததாகத்தான் படித்திருக்கிறேன். திரும்பி வந்த இளையவனும் உள்ளுக்குள் கொஞ்சம் சுளித்திருப்பானோ என்று அன்று தோன்றியது.

மூன்றாம் தலம்

நோன்பு பற்றி ஒரு சின்னச் சேர்க்கை. விதிப்படி நோன்பு 18 வயது நிறைந்தவர்களுக்கு, 59 வயது நிறையும் வரைதான். இறைச்சி தவிர்ப்பது 14 வயதிலிருந்து. எனக்குப் போன வருடம் 59 நிறைந்தது. புனித வெள்ளியன்று காலையில் வழக்கம்போல் பசியோடு உட்கார்ந்திருக்கிறேன், மகள் வந்து "அப்பா, உங்களுக்கு இனி கட்டாயம் இல்லை" என்று சட்டம் பேசினாள். சந்தோஷப்படவேண்டிய விஷயம். ஏனோ வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பிய மாதிரி இருந்தது.

நோன்பு இருந்தேன். சாயங்காலம் சிலுவைப்பாதையில், இயேசு முதல் முறை விழும் மூன்றாம் தலத்திலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். இங்கே என் பெயருக்குக் காரணம் அதுதான்.

தூபக்கால்

பதினான்கு வருடமாகக் கோவிலில் பீட வேலை என்னுடையது. பாஸ்காவுக்கு முந்தைய பெரிய வாரத்தில் நாங்கள் செபிப்பதே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கரி பற்றியதா, பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுதிரியில் குத்தும் ஐந்து சாம்பிராணி மணிகள் எங்கே போயின, வெள்ளிக்கிழமை சிலுவையை மூடிய துணி சரியாகக் கழலுமா. தலைக்குள் இவ்வளவுதான் ஓடும். ஆண்டவர் பாடுபடும்போது நாங்கள் ஆணி தேடிக்கொண்டிருப்போம்.

இயேசு சீடர்களின் பாதத்தைக் கழுவியதை நினைத்துப் பெரிய வியாழனன்று நடக்கும் பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரை முன்கூட்டியே எழுதி வைப்போம். திருப்பலி நூலில் முன்பு ஆண்கள் என்றுதான் இருந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இலேயே ஒரு சிறார் சிறையில் பெண்களின் பாதத்தையும் கழுவினார், பிறகு 2016 ஜனவரியில் விதியையே மாற்றினார். எங்கள் பங்கில் அதற்கு அப்புறமும் பட்டியலில் ஆண்கள்தான் வந்துகொண்டிருந்தார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பழைய பட்டியலையே எடுத்துப் பெயரை மாற்றிக்கொண்டிருந்தோம்.

ஒரு வருடம் திருப்பலி தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒருவர் வரவில்லை என்று தெரிந்தது. பதினோரு நாற்காலியோடு நடத்தலாம், பன்னிரண்டு என்று கட்டாயம் இல்லை. ஆனால் நாற்காலி போட்டாயிற்று, காலியாக இருந்தால் யூதாஸ் எழுந்து போன மாதிரி இருக்குமே என்று எனக்கு ஒரு நினைப்பு. சுற்றிலும் பார்த்தேன். கோவிலைப் பெருக்கிக் கழுவும் அக்கா, வேலையை அப்போதுதான் முடித்துவிட்டுப் பக்கவாசலில் துடைப்பத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, வந்து உட்காருங்க" என்றேன்.

"ஐயோ, என் காலைப் பாருங்க" என்றார். பார்த்தேன். வெடிப்பு, புழுதி. "குழாயில கழுவிட்டு வர்றேன்" என்றார். நேரமில்லை, வருகைப் பாடல் தொடங்கிவிட்டது. கையைப் பிடித்து இழுக்காத குறையாக உட்கார வைத்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, சிலர் புதுச் செருப்பும் வாங்கிப் போட்டுக்கொண்டு வருவார்கள். நானும் ஒரு வருடம் உட்கார்ந்தேன், நானும் அப்படித்தான் வந்தேன். குருவானவர் கழுவுவது ஏற்கெனவே கழுவிய காலை. தண்ணீர் ஊற்றுகிற மாதிரி ஊற்றி, துண்டால் ஒற்றி, குனிந்து முத்தமிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். நான்தான் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு கூடவே நகர்வேன்.

பன்னிரண்டாவது நாற்காலிக்கு வந்தோம். அக்கா காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். இயேசு கழுவ வந்தபோது பேதுரு வாயால் மறுத்தார், இவர் காலால் மறுத்தார். குருவானவர் ஒன்றும் சொல்லாமல் அப்படியே முழங்காலில் காத்திருந்தார். பாடகர் குழு பாட்டு முடிந்து முதல் சரணத்துக்கே திரும்பப் போனது. மெல்ல ஒரு கால் வெளியே வந்தது.

ஊற்றினால் போகவில்லை. அவர் அங்கியின் கையைச் சுருட்டிக்கொண்டு, விரலிடுக்கு வரைக்கும் உண்மையாகவே தேய்த்துக் கழுவினார். இன்னொரு குடம் கேட்டார், பீடச்சிறுவன் ஓடினான். தாம்பாளத்தில் தண்ணீர் கறுப்பாக நின்றது. அதற்கு முந்தைய அத்தனை வருடமும் அந்தத் தண்ணீரைத் தெளிவாகவேதான் எடுத்துப் போய்ச் செடிக்கு ஊற்றியிருக்கிறேன். அது அழுக்காகி நான் பார்த்தது அன்றுதான்.

அக்கா மறுநாள் என்மேல் பயங்கரக் கோபமாக இருந்தார். "ஊரே பார்க்க வச்சிட்டீங்களே" என்றார். அவர் கோபம் நியாயமானது. கேட்டுக்கொண்டேன். நான் செய்தது சரிதானா என்று இன்றைக்கும் தெரியாது.

ஆல்டோ குரல்

கழுவிய காலையே கழுவுகிறோம். இதை நான் யோசித்ததே இல்லை.

வெறும் பேழை

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்பா ஒரு புனித வெள்ளி விடியற்காலையில் இறந்துபோனார். அடக்கம் சனிக்கிழமை. புனித வெள்ளியிலும் சனியிலும் அடக்கத் திருப்பலி கிடையாது, செபவழிபாடு மட்டும்தான். உறவினர்களுக்கு அது பெரிய குறை. ஆயுள் முழுக்கத் தினமும் பூசைக்குப் போன மனுஷனுக்குப் பூசை இல்லாமல் அடக்கமா என்று காதுபடவே பேசினார்கள். எனக்கும் வலித்தது.

பெட்டியை உள்ளே கொண்டுபோனபோதுதான் கோவிலைப் பார்த்தேன். பீடத்தில் துணி இல்லை. மெழுகுதிரி இல்லை. நற்கருணை அப்பம் வைக்கும் பேழையின் கதவு திறந்து, உள்ளே ஒன்றும் இல்லாமல் கிடந்தது. அணையா விளக்கு அணைந்திருந்தது. அந்தச் சனிக்கிழமை கோவில் அப்படித்தான் இருக்கும். எங்கள் வீடு அன்று காலை எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது கோவில். அதற்கு முன் எத்தனையோ பேர் ஆறுதல் சொன்னார்கள். "அவர் நல்ல இடத்துக்குப் போய்விட்டார்" என்று சொல்லாமல் கூட உட்கார்ந்திருந்தது அந்தக் கட்டிடம் மட்டும்தான்.

திங்கட்கிழமை திருப்பலி வைத்தார்கள். வெள்ளை உடை, பூக்கள், பாஸ்கா திரி, அல்லேலூயா. என்னால் பாட முடியவில்லை. பாஸ்கா காலம் ஐம்பது நாள் என்று அப்போதுதான் எண்ணிப்பார்த்தேன். தவக்காலத்தைவிட நீளம். எனக்கு அந்த ஐம்பதும் தேவைப்பட்டது. பாஸ்கா காலம் முடியும் பெந்தகோஸ்துக்கு முந்தைய வாரம்தான் வாயைத் திறந்தேன்.

மூன்றாம் தலம்

பதில் சொல்லத் தெரியவில்லை சகோதரி. உங்கள் அப்பாவுக்காக இன்று செபிக்கிறேன்.

கடைசி பெஞ்சு

பாஸ்கா வாழ்த்துகள் எல்லோருக்கும். தொடங்கியவன் நான் என்பதால் வந்து சொல்லிவிட்டுப் போகிறேன்.

நேற்றிரவு திருவிழிப்பு. என் பாட்டி காலத்தில் இது சனிக்கிழமை காலையிலேயே நடந்ததாம், வெயிலில் நின்றுகொண்டு கிறிஸ்துவின் ஒளி என்று பாடுவார்களாம். 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இரவில் நடத்த அனுமதித்தார். அந்த மாற்றத்துக்கு நேற்றுத் தனியாக நன்றி சொன்னேன். வெளியே புதுத்தீ, நல்ல இருட்டு, காற்று வேறு. பக்கத்தில் நிற்பது யார் என்றே தெரியவில்லை. முன்னால் இருந்தவர் திரும்பி என் திரியைப் பற்றவைத்தார். இரண்டடி நடப்பதற்குள் அணைந்துவிட்டது. மறுபடி திரும்பி, கையைக் குவித்துப் பிடித்துப் பற்றவைத்தார். அந்த வெளிச்சத்தில்தான் முகம் தெரிந்தது. அவர்தான்.

"காத்து" என்றார்.

"ஆமா, காத்து" என்றேன்.

ஆறு வருடத்தில் வணக்கத்துக்கு மேல் நாங்கள் பேசியது இவ்வளவுதான். கையில் மெழுகு சொட்டிய இடம் இன்னும் சிவந்திருக்கிறது.