புது வீடு வாங்கறதுக்கு முன்னாடி இன்ஜினியர வெச்சு செக் பண்ணோம், எங்க கிருஷ்ணகிரி அனுபவம்

வணக்கம்ங்க. ராயக்கோட்டை ரோடு பக்கம் ரெடியா கட்டி வெச்சிருந்த ஒரு மாடி வீடு பாத்தோம், பெயிண்ட் வாசம் கூட போகல, அவ்ளோ புதுசு. அட்வான்ஸ் குடுத்து அக்ரிமெண்ட் போட்டாச்சு, பேங்க்ல இருந்து வேல்யூவர் வந்து பாத்து லோனும் சாங்ஷன் ஆய்டுச்சு. அப்பதான் எங்க சின்ன மாமனார் கேட்டாரு, "பேங்க்காரன் பாத்தது அவன் குடுக்கற காசுக்கு வீடு பெறுமான்னும்மா, உங்களுக்காக யாரு பாத்தா?" அது உண்மைதாங்க. வேல்யூவர் அளவு எடுத்தாரு, ப்ளானோட ஒத்து பாத்தாரு, நாலு போட்டோ எடுத்துட்டு கிளம்பிட்டாரு. ஒரு குழாயக் கூட தொறக்கல, அது அவரு வேலையும் இல்ல.

சரின்னு பில்டருக்கு சம்பந்தமே இல்லாத ஒரு சிவில் இன்ஜினியர கூட்டிட்டு போனோம். ரசமட்டம், தூக்குகுண்டு, ப்ளக்குல சொருவி பாக்கற டெஸ்டர், அப்புறம் ஒரு அஞ்சு ரூபா காசு, இவ்ளோதான் கொண்டு வந்தாரு. அந்த காச வெச்சு ஹால் டைல்ஸ ஒவ்வொண்ணா தட்டிட்டே போனாரு, டங் டங்னு கெட்டியா வந்துட்டிருந்த சத்தம் ஜன்னல் ஓரம் போனதும் டொப்பு டொப்புன்னு மாறிடுச்சு. காச எங்கிட்ட குடுத்து நீங்களே தட்டி பாருங்கம்மான்னாரு, எனக்கே நல்லா வித்தியாசம் தெரிஞ்சுது. கலவைய முழுசா பரப்பாம நடுவுல மட்டும் வெச்சு ஒட்டிருக்காங்க, மேல பீரோ கட்டில் வெச்சா டைல்ஸ் விரிசல் விட்ரும்னாரு. சாக்பீஸ்ல குறி போட்டுட்டே வந்தாரு, ஹால்ல மட்டும் 11.

என்னை ரொம்ப பயமுறுத்துனது கரண்ட் வேலைதான். கீசர் பாயிண்ட்ல டெஸ்டர் சொருவுனா எர்த் இல்லன்னு காட்டுது, ப்ளேட்ட கழட்டி பாத்தா பச்சை வயர் பாக்ஸ்குள்ள சுருட்டி கெடக்கு, எதுலயும் மாட்டவே இல்ல. ஈரக் கையோட என் பசங்க தொடற எடம்ங்க அது, இத டைப் பண்றப்ப கூட மனசு பதறுது. மெயின் போர்டுல 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபியும் இல்ல, அதாங்க கரண்ட் கசிஞ்சா தானா லைன கட் பண்ற சுவிட்ச், கேட்டு போட வெச்சோம்.

மாடி பாத்ரூம்ல தண்ணி போற ஓட்டைய துணி வெச்சு அடைச்சு ரெண்டு இஞ்ச் தண்ணி நிறுத்தி, பூட்டிட்டு வந்துட்டோம். மறுநாள் கீழ ரூம்ல அண்ணாந்து பாத்தா புது பட்டி மேல உள்ளங்கை அகலத்துக்கு ஓதம் காத்து நிக்குது. மொட்டமாடில ஒரு பக்கெட் தண்ணி ஊத்துனா பைப் பக்கம் போகாம கைப்புடி சுவரோரமா தேங்குது, வாட்டமே சரியில்ல. ஜன்னல் மூலைல முடி மாதிரி இருந்த விரிசல பாத்து நான் பயந்தேன், ஆனா அது பூச்சுல மட்டும்தான் செவுத்துல இல்லன்னு சொல்லிட்டாரு, அது கொஞ்சம் நிம்மதி.

பில்டர் மொதல்ல "புது வீட்டுக்கு எதுக்குங்க செக்கிங்"னு கோவப்பட்டாரு. ரிஜிஸ்ட்ரேஷன் ஆகல, பெரிய தொகை எங்க கையில இருந்துச்சு, அதனால மூணு வாரத்துல எல்லாத்தையும் சரி பண்ணாரு. இதையே சாவி வாங்குனதுக்கு அப்புறம் கேட்ருந்தா எத்தன தடவ அலைஞ்சிருப்போமோ. இன்ஜினியருக்கு குடுத்தது 5000 ரூபா.

இன்னொண்ணு, 2016 ரெரா சட்டத்துல, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை சட்டத்துல, வீட்ட ஒப்படைச்ச 5 வருசத்துக்குள்ள கட்டுமானத்துல குறை வந்தா பில்டர் சொந்த செலவுல சரி பண்ணனும்னு இருக்கு. ஆனா 500 சதுர மீட்டருக்குள்ள எடமோ 8 வீட்டுக்குள்ளயோ இருந்தா அந்த ப்ராஜெக்ட ரெராவுல பதியணும்னு கட்டாயம் இல்ல. நம்மூர்ல தனி வீடு நெறைய அப்படித்தான் விக்கறாங்க, அதனால 5 வருச பொறுப்ப அக்ரிமெண்ட்லயே எழுதி வாங்கிட்டோம்.

பதில் 1, பாலக்கோடு:
அக்கா, போர் தண்ணிய டெஸ்ட் குடுத்தீங்களா? நாங்க வீட்ட மட்டும் பாத்துட்டு தண்ணிய விட்டுட்டோம். குடி வந்து ஆறு மாசம் கழிச்சு குடுத்தா ஃப்ளோரைடு லிட்டருக்கு 2.3 மில்லிகிராம், 1.5 தாண்டவே கூடாது. நம்ம ஜில்லால பல்லுல காவி ஏறுன புள்ளைங்கள எத்தன பாத்திருக்கோம், அதுக்குத்தான ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டமே வந்துச்சு. இப்ப குடிக்க சமைக்க ஒகேனக்கல் தண்ணி மட்டும்தான், அது வராத நாள்ல கேன்.

பதில் 2, பர்கூர்:
எங்களுது செப்டிக் டேங்க் கதைங்க. ஆறடி ஆழம்னாங்க, மூடிய தொறந்து கம்பு விட்டு பாத்தா மூணடி கூட இல்ல, கீழ பாறை வந்துச்சாம் அப்படியே நிறுத்திட்டாங்க. வெலைய கொறைச்சு குடுத்தாங்க, வெடி வைக்க பக்கத்து வீட்டுக்காரங்க ஒத்துக்கல, பக்கவாட்டுல நீளமாக்கி கட்டிக்கிட்டோம்.

பாலக்கோடு தம்பிக்கு: தண்ணி பத்தி எங்களுக்கு தோணவே இல்லப்பா, இன்ஜினியரும் சொல்லல. நாளைக்கே ஒரு பாட்டில்ல புடிச்சு குடிநீர் வடிகால் வாரிய லேப்ல குடுக்கறேன். பத்திரப்பதிவு வெள்ளிக்கிழம, அதுக்குள்ள ரிசல்ட் வரலன்னா தேதிய தள்ளி வெக்க சொல்லிட்டேன் வீட்டுக்காரர் கிட்ட.