ஏற்காட்டு மழையும் சீட்டுக்கு அடியில் நின்ற தண்ணீரும்

துணிக்கூரை ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் மழைக்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

போன ஐப்பசியில் ஏற்காட்டில் மாமாவின் காப்பித் தோட்டத்தில் தங்கியிருந்தோம். வண்டி சில்வர் ஓக் மரத்தடியில் நின்றது. இரண்டு ராத்திரியும் அடைமழை. காலையில் கண்ணாடி உள்பக்கம் வியர்த்திருந்தது. கார்ப்பெட்டைத் தொட்டால் லேசான ஈரம்தான். மலைக்குளிர் என்று நினைத்துக் கிளம்பிவிட்டேன்.

சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவதில் பிரேக் மிதித்ததும் பின்னால் 'களக்' என்றது. தண்ணீர் பாட்டில் உருள்கிறதோ என்று மனைவி சீட்டுக்குப் பின்னால் கையை விட்டாள். மணிக்கட்டு வரை நனைந்து வந்தது. அடிவாரம் வருவதற்குள் சென்ட்ரல் லாக் தானாகப் பூட்டித் திறக்க ஆரம்பித்துவிட்டது.

அஸ்தம்பட்டியில் மெக்கானிக் அண்ணன் முதல் வேலையாக பேட்டரி வயரைக் கழற்றினார். "சாவி போட்றாதீங்க தம்பி, சீட்டுக்கு அடியில பொட்டி இருக்கு." சீட்டை எடுத்து கார்ப்பெட்டைத் தூக்கினால், அடியில் இருந்த ஃபோம் ஊறிப்போன பன் மாதிரி இருந்தது. அமுக்க அமுக்கப் பழுப்புத் தண்ணீர். அண்ணன் சொன்ன பொட்டி, அதாவது கதவுப் பூட்டை இயக்கும் கன்ட்ரோல் யூனிட்டின் கனெக்டரில் பச்சைக் களிம்பு பூக்கத் தொடங்கியிருந்தது. நல்லவேளை, யூனிட் பிழைத்தது.

கூரையில் விழும் தண்ணீர் ஓரத்துக் கால்வாயில் இறங்கி, சீட்டுகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள குழாய் வழியாக வண்டிக்கு அடியில் போய்விட வேண்டும். சில்வர் ஓக் இலை கிழிந்து கிழிந்து பெரணி மாதிரி இருக்கும். அதன் காய்ந்த துண்டுகள் மண்ணோடு சேர்ந்து குழாய் வாயை அடைத்துவிட்டன. வழியில்லாத தண்ணீர் உள்ளே வழிந்திருக்கிறது. வண்டியின் தரையில்தான் ஓட்டை இருக்கிறதே என்று நம்பியிருந்தேன். அதில் ரப்பர் அடைப்பான் இருக்கிறது. வெளித் தண்ணீரை உள்ளே விடாத அதே அடைப்பான், உள்ளே வந்ததையும் வெளியே விடாது.

புல் வெட்டும் மெஷினின் நைலான் நரம்பை நுனி மழுக்கி மெதுவாக உள்ளே விட்டோம். கம்ப்ரசர் காற்று வேண்டாம், உள்ளே குழாய் இணைப்பு கழன்றால் தண்ணீர் நேராக வண்டிக்குள் தரைக்குத்தான் வரும். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, கீழே சொட்டுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். இப்போது மாதம் ஒரு முறை செய்கிறேன். ஃபோம் மொட்டைமாடியில் காய நான்கு நாள் ஆனது. மேலே காய்ந்த பிறகும் நடுவில் ஈரம் இருந்தது, அவசரப்பட்டு விரித்துவிடாதீர்கள்.

பதில்:
அண்ணா, ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சீட்டில் ஏர்பேக் இருந்தால், சீட்டைக் கழற்றியபோது எடுத்த அதன் கனெக்டரை மாட்டாமல் சாவி போட்டால் ஏர்பேக் விளக்கு எரியும். அதோடு, தண்ணீரை வடித்ததும் ரப்பர் அடைப்பானைத் திரும்ப அழுத்தி மாட்டிவிடுங்கள். நான் ஒன்றை மாட்டாமல் விட்டு, ரயில்வே பாலத்தடியில் தேங்கிய தண்ணீரில் இறக்கினேன். காயவைத்த கார்ப்பெட் ஐந்தே நிமிடத்தில் மறுபடியும் நனைந்தது.