போர்டிலேயே 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்: எந்த எஸ்எஸ்டி, எவ்வளவு ரேம்?

பழைய_மடிக்கணினி:
ஐ5-8250யு லேப்டாப். 4 ஜிபி டிடிஆர்4 போர்டிலேயே சாலிடர் ஆகியிருக்கிறது. ஒரு ரேம் ஸ்லாட்டும், எஸ்எஸ்டி செருகும் ஒரு எம்.2 ஸ்லாட்டும் காலி. இப்போது இருப்பது 1 டிபி ஹார்ட் டிஸ்க். 500 ஜிபி எஸ்எஸ்டியும் ரேமும் போட வேண்டும். அஞ்சாறு வருஷம் உழைக்கணும். வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வாங்கலாமா? 3200 வேக ரேம் ஓடுமா?

திருப்புளி:
காசு கொடுக்கும் முன் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். அந்தத் தலைமுறையில் பல மாடல்களின் எம்.2 ஸ்லாட் சாட்டா (என்விஎம்இயைவிட மெதுவான பழைய இணைப்பு) மட்டும்தான். என்விஎம்இ கார்டு அதில் உட்கார்ந்தாலும் பயாஸில் தெரியாது. நீளத்தையும் பாருங்கள், 2280 என்றால் 80 மிமீ. சாட்டா என்றாலும் வருத்தப்பட ஒன்றுமில்லை. நொடிக்கு 550 எம்பி வரை வரும், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மாறுபவருக்கு அதுவே பறக்கும்.

நான்கு_பிட்:
500 ஜிபிக்கு 300 டிபிடபிள்யூ (மொத்தம் எத்தனை டிபி எழுதலாம் என்ற கணக்கு), 5 வருஷ வாரண்டி இருந்தால் போதும். தினம் 30 ஜிபி எழுதினாலும் வருஷத்துக்கு 11 டிபிதான். டேட்டாவைச் சேமிக்கும் செல் தேய்வதற்கு முன், எஸ்எஸ்டியை இயக்கும் கன்ட்ரோலர் சிப் திடீரென்று போவதுதான் ஆபத்து, அதற்கு பேக்கப் தவிர மருந்து கிடையாது.

டிஎல்சி (ஒரு செல்லில் 3 பிட்) வாங்குங்கள். க்யூஎல்சியில் ஒரு செல்லில் 4 பிட், அதாவது 16 மின்னழுத்த நிலை. கேஷ் (எழுதுவதை முதலில் வாங்கிக்கொள்ளும் வேகமான பகுதி) நிரம்பியதும் எழுதும் வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கு விழும். பெயரை மட்டும் நம்பாதீர்கள்: க்ரூஷியல் பி2 எஸ்எஸ்டி டிஎல்சியாக வந்து, அதே பெயரில் க்யூஎல்சியாக மாறியது. பழைய ரிவ்யூ அங்கே உதவாது.

இரட்டைத்_தடம்:
3200 ஓடும், ஆனால் 2400-க்கு இறங்கி ஓடும். அந்த பிராசசரின் எல்லை அது. 1.2 வோல்ட் சோடிம் (லேப்டாப் ரேம் ஸ்டிக்) கேளுங்கள்.

8 ஜிபி போட்டால் 4+4 டூயல் சேனலிலும் (இரண்டு தடத்தில் ஒரே நேரத்தில், வேகமாக), மிச்ச 4 சிங்கிளிலும் ஓடும். 16 போட்டாலும் டூயல் அதே 8 தான். பிரவுசரில் முப்பது டேப் திறப்பவர் என்றால் 16, இல்லையென்றால் 8.

உள் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு, ஸ்டிக்கைச் சாய்வாகச் செருகி, இரண்டு கிளிப்பும் 'டக்' என்னும்வரை அழுத்துங்கள். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருள் ஒரு ராத்திரி முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுங்கள். அது பிறகு ஃபைல் கெடுவதாகத்தான் வெளியே தெரியும், பழி எஸ்எஸ்டி மேல் விழும்.

பழைய_மடிக்கணினி:
மேனுவலில் சாட்டா, 2280 என்று இருக்கிறது. பழைய விண்டோஸை அப்படியே எஸ்எஸ்டிக்கு குளோன் (நகல்) செய்யலாமா?

திருப்புளி:
அந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் 400 ஜிபிக்குள் டேட்டா இருந்தால், பார்ட்டிஷனைச் சுருக்கிவிட்டு செய்யலாம். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் முதலில் அணைத்துவிடுங்கள். குளோன் முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒருமுறை பூட் செய்து பாருங்கள், இல்லாவிட்டால் எதிலிருந்து பூட் ஆகிறது என்றே புரியாது.