இரவு 3 மணிக்கு ஆர்.வி. ஹீட்டரில் குளிர்காற்று வருகிறது. பகலில் ஒழுங்காக எரிகிறது

சக்கரவீட்டுக்காரி (ஜனவரி 14, காலை 5.40)

வணக்கம். நானும் கணவரும் ஓய்வுபெற்றதும் ஓஹாயோ வீட்டை விற்றுவிட்டு, இரண்டு ஆண்டுகளாக 28 அடி நீள மோட்டார் ஆர்.வி.யிலேயே, அதாவது படுக்கை, சமையலறையோடு கூடிய வண்டியிலேயே குடியிருக்கிறோம். வேறு வீடு கிடையாது. ஆகவே "வீட்டுக்குத் திரும்பியதும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

இப்போது இருப்பது அரிசோனாவில், குவார்ட்சைட் ஊரை ஒட்டிய லா போசா. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்ட நாள் தங்க அரசு அனுமதிக்கும் பாலைவனம். வண்டி நிற்கும் இடத்தில் மின் இணைப்பும் இல்லை, குழாயும் இல்லை. இரவில் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 4 செல்சியஸ் அளவுக்கு இறங்குகிறது.

இரவு 10 மணிக்குக் கேஸ் ஹீட்டரைப் போட்டால் நன்றாகவே எரிகிறது. 3 மணி வாக்கில் விசிறி மட்டும் ஓடி, குளிர்காற்றை எங்கள் மேல் ஊதுகிறது. கேஸ் தொட்டி முக்கால் நிரம்பியிருக்கிறது, அடுப்பும் நீலமாக எரிகிறது. போன மாதம் மின் இணைப்புள்ள முகாமில் இரவு முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. என் கணவர் தெர்மோஸ்டாட்டை (வெப்ப அளவைப் பார்த்து ஹீட்டரை இயக்கும் சுவிட்சை) மாற்றிப் பார்த்தார், பயனில்லை. வந்து பார்த்த மெக்கானிக் ஹீட்டரையே மாற்ற வேண்டும் என்று 1,400 டாலர் கேட்கிறார்.

இதை முதலில் கண்டுபிடித்தது இட்லி மாவு. ஹீட்டர் துவாரத்துக்கு எதிரே பாத்திரத்தை வைத்துவிட்டுப் படுப்பேன். நான்கு நாளாக மாவு பொங்கவில்லை, அரைத்தபடியே கிடக்கிறது.

வார இறுதிப் பயணி (காலை 7.15)

கேஸ் உறைந்திருக்கும் அம்மா. தொட்டியைக் கம்பளியால் சுற்றிப் பாருங்கள்.

கப்பல்காரன் (காலை 8.02)

தம்பி, தொட்டியில் இருப்பது புரொப்பேன், அதன் கொதிநிலை மைனஸ் 42 செல்சியஸ். அரிசோனா குளிருக்கெல்லாம் அது அசையாது. கம்பளியை அந்த அம்மாவே போர்த்திக்கொள்ளட்டும்.

அம்மா, உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. மின் இணைப்பு இருந்தால் ஓடுகிறது, பேட்டரியில் மட்டும் 3 மணிக்குப் படுக்கிறது. ஹீட்டருக்குள் சிறிய தகடு ஒன்று உண்டு. விசிறிக் காற்று அதை வேகமாகத் தள்ளினால்தான் உள்ளே ஒரு சுவிட்ச் மூடும், அதன் பிறகே கேஸ் திறந்து பொறி வரும். வோல்ட் குறைந்தால் விசிறியின் வேகம் குறையும், தகடு அசையாது, தீப்பற்றாது. காற்று வெளியே போக வழியில்லாதபோது கேஸ் எரியக் கூடாது என்பதற்கான காவல் அது. முகாமில் சார்ஜர் 13 வோல்ட்டுக்கு மேல் கொடுத்துக்கொண்டே இருப்பதால் உங்களுக்குத் தெரியவில்லை. 1,400 டாலரைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருக்கிறதா? இரவு 9 மணிக்கு ஒரு முறை, விசிறி குளிராக ஊதும்போது ஒரு முறை, பேட்டரி முனையிலேயே வைத்து அளந்து எழுதுங்கள். இரவில் வேறு என்னென்ன ஓடுகிறது என்பதையும் எழுதுங்கள். "ஒன்றும் இல்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். எல்லோரும் முதலில் அதைத்தான் எழுதுகிறார்கள்.

ஃபீனிக்ஸ் பாட்டி (காலை 9.30)

சரியாகும் வரைக்கும் அடுப்பில் ஒரு பர்னரைச் சிறிதாக எரியவிட்டுப் படுக்கலாமே. நாங்கள் முன்பு அப்படித்தான் சமாளித்தோம்.

கப்பல்காரன் (காலை 9.34)

பாட்டியம்மா, மன்னிக்க வேண்டும், இதைக் கண்டிப்பாகச் செய்யக் கூடாது. அடைத்த வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். கூடுதலாக இரண்டு போர்வை போதும்.

சக்கரவீட்டுக்காரி (ஜனவரி 15, காலை 6.20)

அளந்துவிட்டேன் சார். இரவு 9 மணிக்கு 12.5 வோல்ட். அதிகாலை 3.10க்கு, விசிறி ஓடும்போது, 10.9. பேட்டரிகள் வாசற்படிக்கு அடியில் இருக்கின்றன. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, நைட்டிக்கு மேல் அவருடைய கோட்டைப் போட்டுக்கொண்டு, படிப்பலகையைத் தூக்கி அளந்தேன். அவர் அசையவில்லை. விசிறியின் ஓசை மாறுவதை இப்போதுதான் கவனித்தேன். 10 மணிக்கு 'ஹோ' என்று ஊதியது, 3 மணிக்கு மூக்கடைத்தவர் மூச்சுபோல இழுக்கிறது.

இருப்பவை: 12 வோல்ட் ஈய அமில பேட்டரி இரண்டு, ஒவ்வொன்றின் கொள்ளளவும் 80 ஆம்பியர்-மணி. கூரையில் 200 வாட் சோலார். மாலை 7 மணிக்கு ஜெனரேட்டரை ஒரு மணி நேரம் ஓட்டுவோம். உண்மையைச் சொன்னால் அது கிரைண்டருக்காக.

இரவில் ஓடுவது ஒன்றும் இல்லை என்று எழுத வந்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறுக்கு சிபாப் கருவி போட்டுக்கொள்கிறார். அது இன்வெர்ட்டரில் ஓடுகிறது, காற்றை ஈரமாக்கத் தண்ணீரைச் சூடாக்கும் சூடாக்கியோடு.

கப்பல்காரன் (காலை 8.11)

அப்படிச் சொல்லுங்கள். கணக்குப் போடுவோம். ஹீட்டர் விசிறி 8 ஆம்பியர் இழுக்கும், பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் 10 முதல் 3 வரை 20 ஆம்பியர்-மணி. சிபாப் சூடாக்கியோடு 5 ஆம்பியர், ஆக 25. இன்வெர்ட்டர் சும்மா விழித்திருப்பதற்கே ஒன்றரை ஆம்பியர் தின்னும், அது ஒரு 7. பிரிட்ஜ் கேஸில் ஓடினாலும் அதன் போர்டு, கேஸ் கசிவு அலாரம் எல்லாம் சேர்த்து 5. மாலை விளக்கு, டி.வி., தண்ணீர் பம்புக்கு 15 என்று வைப்போம். மொத்தம் 72.

உங்களிடம் இருப்பது 160. ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் கைக்கு வருவது 80. அந்தக் கணக்கில் 3 மணிக்கு 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 10.9 என்றால் பேட்டரியில் 160 இல்லை. ஜனவரியில் சூரியன் தாழ்ந்து போகிறது, கூரையில் படுத்திருக்கும் 200 வாட் பலகையில் நாளைக்கு 40, 50 ஆம்பியர்-மணி தேறினால் அதிகம். பற்றாக்குறையிலேயே கிடந்து பேட்டரித் தட்டுகளில் சல்ஃபேட் உப்பு படிந்து கொள்ளளவு குறைந்திருக்கும். மூடிகளைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள்.

லித்தியம் ரசிகன் (காலை 8.40)

எதற்கு இந்தப் பாடெல்லாம்? இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு லித்தியம் பேட்டரி வையுங்கள் அக்கா.

கப்பல்காரன் (காலை 8.52)

லித்தியம் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, படிக்கு அடியிலோ வெளிக்குளிர் அப்படியே ஏறும். பழைய சார்ஜரும் அதற்குப் பொருந்த வேண்டும். முதலில் இருப்பதைத் திறந்து பார்க்கட்டும், தம்பி.

சக்கரவீட்டுக்காரி (காலை 11.05)

திறந்தோம். 12 அறைகளில் நான்கில் தட்டுகள் தண்ணீருக்கு மேலே சாம்பல் நிறத்தில் தலை நீட்டிக்கொண்டிருக்கின்றன. "இது பராமரிப்பே தேவையில்லாத பேட்டரி" என்று இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் இயந்திர வடிவமைப்பில் 34 ஆண்டு இருந்தவர். மதுரையில் என் மாமியார், எட்டாம் வகுப்பு படித்தவர், மின்வெட்டுக் காலத்தில் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மறக்காமல் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வைப்பார். அதைச் சொன்னேன். பதில் வரவில்லை.

எவ்வளவு ஊற்றுவது?

கப்பல்காரன் (காலை 11.20)

பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இரண்டும் போடாமல் தொடாதீர்கள். முதலில் தட்டு மூழ்கும் அளவுக்கு மட்டும். முழுக்கச் சார்ஜ் ஆன பிறகு மேல் அளவு வரை. இப்போதே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது அமிலம் பொங்கி வழியும். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது.

ஜெனரேட்டர் நேரத்தையும் மாற்றுங்கள். காலையில் 8 மணிக்கு ஓட்டினால் பேட்டரி பசியோடு இருக்கும், மளமளவென்று வாங்கிக்கொள்ளும். கடைசிப் பங்கை நிதானமாக ஏற்றத்தான் சோலாருக்குப் பகல் முழுவதும் இருக்கிறதே. அங்கே இரவு 10 முதல் காலை 6 வரை ஜெனரேட்டர் ஓட்டக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். கிரைண்டரும் காலைக்கு வரட்டும், உளுந்தை இரவே ஊறவைத்துவிடலாம்.

சிபாப்புக்கு அதே நிறுவனத்தின் 12 வோல்ட் அடாப்டர் கிடைக்கும். நேரடியாக மாட்டிவிட்டு இன்வெர்ட்டரை அணைத்துவிடுங்கள். சூடாக்கியை நிறுத்தினால் பாதிக்கு மேல் மிச்சம். அழுத்த அளவை மட்டும் தொட வேண்டாம்.

சக்கரவீட்டுக்காரி (ஜனவரி 20, காலை 7.10)

தாமதத்துக்கு மன்னிக்கவும். அடாப்டர் தபாலில் வர நான்கு நாள் ஆயிற்று. முகவரி இல்லாதவர்களுக்குத் தபால் என்பது தனிக் கதை.

சூடாக்கி இல்லாமல் முதல் இரவே அவருக்குத் தொண்டை வறண்டுவிட்டது. பாலைவனக் காற்று அப்படி. பிறகு சூடாக்கியை அணைத்தே வைத்து, அதன் தொட்டியில் மட்டும் தண்ணீர் ஊற்றினோம். காற்று அதன் மேல் போய்வருவதே ஓரளவு போதுமாக இருக்கிறது, புகார் குறைந்திருக்கிறது.

தண்ணீர் ஊற்றி மூன்று நாள் காலையில் சார்ஜ் ஏற்றிய பிறகு நேற்று 3 மணிக்கு 11.6. ஹீட்டர் தயங்கித் தயங்கிப் பற்றிக்கொண்டது. 5 மணிக்கு மறுபடி குளிர்காற்று. ஒரு பேட்டரியில் இரண்டு அறைகள் தேறவில்லை என்று கடையில் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். கோல்ஃப் வண்டிக்கு வரும் 6 வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாக இணைத்தால் 220 ஆம்பியர்-மணி வரை கிடைக்கும் என்கிறார்கள். விலையும் லித்தியத்தை விடக் குறைவு. ஆனால் அவை உயரம். படிப்பெட்டிக்குள் வைத்தால் மூடி ஒரு அங்குலம் மேலே நிற்கிறது. அவர் அளவுநாடாவோடு வாசலில் உட்கார்ந்து, மூடியை அறுக்கலாமா என்று பார்க்கிறார். அறுக்கலாமா?

கப்பல்காரன் (காலை 7.48)

மூடியை அறுக்க வேண்டாம், அது நீங்கள் மிதித்து ஏறும் படி. மூடிக்கு அடியில் ஒரு அங்குலச் சட்டம் வைத்து உயர்த்துங்கள். காற்றுத் துவாரத்தை மட்டும் அடைத்துவிடாதீர்கள், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியே போக வேண்டும். பேட்டரி முனை உலோக மூடியில் படாமல் மேலே ரப்பர் தாள் ஒன்றும் போடச் சொல்லுங்கள். படி உயர்ந்திருப்பதை இருட்டில் மறந்துவிடாதீர்கள்.