பேராதனையிலிருந்து நாலு பிள்ளைகள் வருகிறார்கள்

(மட்டக்களப்பு ஆரையம்பதி, எங்கள் ஒழுங்கைக் குழுவில் வந்த செய்திகள்)

பேராதனைப் பிள்ளை: எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை பின்னேரம் ஊருக்கு வருகிறேன். என்னோடு கம்பஸில் படிக்கிற நாலு பேரும் வருகிறார்கள். ஒருத்தி மாத்தறை, ஒருத்தி கண்டி, ஒருத்தி யாழ்ப்பாணம், மற்றவள் அட்டன். திங்கள் போயா (பௌர்ணமி) லீவு. அம்மா ப்ரைட் ரைஸும் டெவில் கோழியும் செய்யப் போகிறாவாம். எனக்கு அது விருப்பமில்லை. மாமா, மாமி, யாராவது அம்மாவிடம் சொல்லுங்க.

அம்மா: வெளியூர்ப் பிள்ளைகள். நம்முடைய உறைப்பு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தால் நான்தானே பார்க்க வேண்டும்?

பெரிய மாமா: தங்கச்சி, மாத்தறைப் பிள்ளைக்கா உறைப்பைச் சொல்கிறாய்? அவர்களுடைய அம்புல் தியல் சாப்பிட்டுப் பார். கொறக்காப் புளியும் மிளகும் சேர்த்து மீன் கறுக்கும் வரை வற்ற விடுவார்கள். யாழ்ப்பாணத்துத் தூளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ப்ரைட் ரைஸ் கண்டியிலும் இருக்கிறது, மாத்தறையிலும் இருக்கிறது. அதைச் சாப்பிட அந்தப் பிள்ளைகள் மலை இறங்கி இவ்வளவு தூரம் வர வேண்டுமா?

சின்ன மச்சாள்: நண்டு! கட்டாயம் நண்டு. ஆற்று நண்டு வாங்கித் தருகிறேன். முருங்கையிலை போட்டு நானே ஆக்குகிறேன்.

பேராதனைப் பிள்ளை: மச்சாள், உங்கள் கை நண்டுக்கறிக்குத்தான் அட்டன் பிள்ளை இப்போதே ஆசைப்படுகிறாள். நான் அவ்வளவு சொல்லியிருக்கிறேன்.

ரீச்சர் அக்கா: பிள்ளை, நாளைப் பார்த்தாயா? வைகாசிப் பறுவம். செட்டிபாளையத்தில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்தாயிற்று. திங்கள் இரவு குளிர்த்திச் சடங்கு.

தம்பி: அம்மம்மா வொய்ஸ் போடச் சொன்னா, சரியாக வரவில்லை. நான் எழுதுகிறேன். “கதவு திறந்த பிறகு குளிர்த்தி முடியும் வரை நம்முடைய வீட்டுக் குசினிக்குள் மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் ஏறாது. என் அம்மா காலத்திலிருந்து அப்படித்தான். வருகிற பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வா மனே. அவர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.”

சின்ன மச்சாள்: ஐயோ, நான் அதை நினைக்கவில்லை. அம்மம்மா சொன்னால் சரிதான்.

அம்மா: அப்போ கோழியும் இல்லை. இனி என்ன செய்கிறது கா?

கடை நானா: எப்படியும் போயாவுக்கு இறைச்சிக் கடை பூட்டுத்தான். தயிரை என்னிடம் விடுங்க. கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து வருகிற எருமைத் தயிர். எத்தனை சட்டி வேண்டும் என்று மட்டும் சொல்லுங்க.

பெரிய மாமா: நானா, பிள்ளைகளை அங்கேயே கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்க.

பெரிய மாமா: நம்முடைய சாப்பாட்டை மேசையில் வைத்துக் காட்டினால் பாதிதான் விளங்கும். நாம் இருப்பது எழுவான்கரை. கிழக்கே கடல், மேற்கே ஆறு என்று நாம் சொல்கிற மட்டக்களப்பு வாவி, நடுவில் ஒரு துண்டு மணல். அந்த மணலில் தென்னை நிற்கிறது, அதனால் நம்முடைய எல்லா ஆணத்திலும் (குழம்பிலும்) தேங்காய்ப்பால். நெல் நமக்கு அக்கரையிலிருந்து வருகிறது. படுவான்கரையில்தான் வயல், மேய்ச்சல் தரை, எருமைப் பட்டி, காட்டுத் தேன் எல்லாம். வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம் கிடக்கிறது. இக்கரைத் தேங்காயும் மீனும் அக்கரைக்குப் போக, அக்கரை நெல்லும் தயிரும் இக்கரைக்கு வர, இப்படித்தான் நம்முடைய சட்டி நிறைந்தது. சின்ன வயதில் அப்பாவோடு மண்முனைத் துறையில் பாதைக்காக (ஆட்களையும் சாமானையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவை) காத்து நிற்பேன். சைக்கிள், நெல் மூட்டை, தயிர்ச் சட்டி, ஆட்டுக்குட்டி எல்லாம் ஒரே பாதையில் வரும். 2014இல் பாலம் திறந்த பிறகு ஐந்து நிமிடத்தில் அக்கரை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நான் வேன் எடுக்கிறேன். கச்சான் காற்று சுட ஆரம்பிக்க முன்னம் போய் வந்துவிட வேண்டும்.

பேராதனைப் பிள்ளை: மாமா, இது போதும்! இப்படியே அவர்களுக்குச் சிங்களத்தில் சொல்லப் போகிறேன்.

பெரிய மாமா: இன்னும் இருக்கிறது. பஸ்ஸை மகியங்கனைப் பாதையால் பிடி. 18 வளைவு இறங்கும்போது யாரையும் நித்திரை கொள்ள விடாதே. மேலே பச்சை மலை, கீழே இறங்கினால் வெளி. மகாஓயா தாண்டிக் கரடியனாறு வரும்போது காய்ந்த தரையும் மாடும். குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல் கண்டங்களில் மட்டும் சிறுபோக நெல் பச்சையாக நிற்கும். அட்டன் பிள்ளை தேயிலை மலையில் பிறந்தவள், அவளை யன்னல் பக்கம் இருத்து.

ரீச்சர் அக்கா: மாமா தயிருக்கு வரவே இல்லை 😊 நான் சொல்கிறேன். பட்டியில் தயிர் போடுகிறதைப் பிள்ளைகள் கிட்ட நின்று பார்க்க வேண்டும். எருமைப்பாலைக் காய்ச்சி, கையால் தொட்டால் இளஞ்சூடு தெரிகிற வரை ஆற விட்டு, மண்சட்டிகளில் ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் பழைய தயிர். மறுகா சட்டியை அசைக்கவே கூடாது. மண்சட்டி தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், எருமைப்பாலில் கொழுப்பும் கூட. விடிந்தால் கரண்டி நட்டமாக நிற்கும். பிளாஸ்டிக் டப்பாவில் வருகிற தயிரில் அந்த இறுக்கம் வராது.

கடை நானா: ரீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு. டப்பாத் தயிர் கேட்டு வருகிறவர்களிடமும் நான் சட்டியைத்தான் காட்டுவேன்.

பேராதனைப் பிள்ளை: மாத்தறைப் பிள்ளையும் தயிரைப் பற்றி நிறையப் பேசுவாள். அவர்களுடைய பக்கத்திலும் எருமைத் தயிர்தானாம், அம்பாந்தோட்டைப் பக்கத்திலிருந்து வருமாம். கித்துல் பாணி ஊற்றித்தான் சாப்பிடுவார்களாம். நாம் சீனியும் வாழைப்பழமும் போட்டுச் சோற்றோடு பிசைகிறதைச் சொன்னேன், நம்பவில்லை.

பெரிய மாமா: அப்படியென்றால் ஒரு போத்தல் கித்துல் பாணி கொண்டுவரச் சொல்லு. நம்முடைய தயிர், அவளுடைய பாணி. யாழ்ப்பாணப் பிள்ளையிடம் பனங்கட்டி, அட்டன் பிள்ளையிடம் நல்ல தேயிலை. வெறுங்கையோடு வரக் கூடாது என்பதற்காக இல்லை. தன்னுடைய ஊர்ச் சாமானைப் பற்றி ஒவ்வொரு பிள்ளையும் நமக்குச் சொல்ல வேண்டும், அதற்கு.

சின்ன மச்சாள்: கண்டிப் பிள்ளை?

ரீச்சர் அக்கா: கண்டிப் பிள்ளை ஒன்றும் கொண்டுவரத் தேவையில்லை. அவளிடம் கேட்க எனக்கு ஒரு கதை இருக்கிறது. தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே பத்தினி தேவாலயம் இருக்கிறது. எசல பெரஹராவில் பத்தினி தேவாலயத்து ஊர்வலமும் போகும். அந்தப் பத்தினிதான் நம்முடைய கண்ணகை அம்மன். செட்டிபாளையத்திலும் களுவாஞ்சிகுடியிலும் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் வைகாசியில் கதவு திறந்து சடங்கு செய்கிறோமே, அதே அம்மன். மதுரையை எரித்து வந்த கோபம் ஆறத்தான் குளிர்த்தி பாடுகிறது. இந்த வெயில் காலத்தில் அம்மை நோய் வராமல் காக்கச் சொல்லியும் கும்பிடுகிறோம்.

ரீச்சர் அக்கா: இன்னொன்று. நம்முடைய ஆட்கள் அந்தக் காலத்தில் ஊரை இரண்டு கட்சியாகப் பிரித்து, வளைந்த கொம்பு இரண்டைக் கொளுவிக் கயிறு கட்டி இழுப்பார்கள், கொம்புமுறி. சிங்கள ஊர்களில் அதே விளையாட்டு அங்கெலிய. அதுவும் பத்தினிக்குத்தான். கண்டிப் பிள்ளையின் பாட்டி பார்த்திருக்கக் கூடும், கேட்டு வரச் சொல்லு.

பேராதனைப் பிள்ளை: அக்கா, இதை எனக்கு யாரும் சொல்லவில்லையே. இப்பவே அவளுக்கு அனுப்புகிறேன்.

தம்பி: அம்மம்மா கேட்கிறா, “அந்தப் பிள்ளை பத்தினித் தெய்வத்தைக் கும்பிடுகிற பிள்ளையா? அப்போ அவளுக்குக் குளிர்த்தித் தண்ணீர் தெளிக்க முன்னுக்கு இடம் பிடிக்க வேண்டும். நான் நேரத்தோடு போய்ப் பாய் போடுகிறேன்.”

அம்மா: சரி, எனக்கு இப்போது விளங்குகிறது. ஞாயிறு மத்தியானம் நாட்டரிசிச் சோறு, வாழைப்பூ வறை, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலைச் சுண்டல், புளியாணம், அப்பளம். கடைசியாகத் தயிரும் பழமும். போதுமா?

பெரிய மாமா: போதும் தங்கச்சி. இதுதான் சாப்பாடு. கத்தரியும் மிளகாயும் களுதாவளையில் தோட்டத்திலேயே வாங்கி வருகிறேன். கடற்கரை மணலில் அந்த ஆட்கள் தண்ணீர் வார்த்து வார்த்து விளைவிக்கிறதைப் பிள்ளைகளும் பார்க்கட்டும். வெற்றிலையும் அங்கேதான். வந்தவர்களுக்கு முதலில் வட்டாவில் வெற்றிலை வை, மறக்காதே. போட மாட்டார்கள், ஆனால் தொட்டு வாங்கட்டும்.

பேராதனைப் பிள்ளை: யாழ்ப்பாணப் பிள்ளை மரக்கறி என்றதும் சந்தோஷம். அவர்களுக்கும் கோயில் நாளில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லைத்தானே. அட்டன் பிள்ளைக்குத்தான் நண்டு போச்சே என்று கவலை.

சின்ன மச்சாள்: போகவில்லை! குளிர்த்தி திங்கள் இரவோடு முடிகிறது. செவ்வாய் காலை பிட்டும் நண்டும். பின்னேர பஸ்ஸுக்குப் போனால் போதும். செவ்வாய் விடிய ஆற்றங்கரையில் நின்று உயிர் நண்டாக வாங்குகிறேன். கல்லில் இடித்த மிளகு, உள்ளி, வறுத்து அரைத்த தேங்காய்ப்பூ. கறி இறக்கும்போதுதான் முருங்கையிலையைத் தூவ வேண்டும், முந்திப் போட்டால் கசக்கும். ஓடு உடைக்கத் தெரியாத பிள்ளைக்கு நான் உடைத்துக் கொடுக்கிறேன்.

கடை நானா: செவ்வாய் என்றால் எங்கள் வீட்டு வட்டிலப்பமும் அன்றைக்கே. முட்டை சேருகிற சாமான், அதனால் முந்தி அனுப்ப மாட்டோம். வீட்டில் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் காத்தான்குடிக்கு வந்து எங்கள் வீட்டில் இருந்து சாப்பிட்டால் இன்னும் சந்தோஷம். ரோட்டு நடுவில் பேரீச்ச மரம் நிற்கிறதையும் பார்த்துப் போகலாம்.

பேராதனைப் பிள்ளை: வருகிறோம் நானா. ராத்தாவிடம் சொல்லுங்க, வட்டிலப்பம் எப்படி அவிக்கிறது என்று மாத்தறைப் பிள்ளை எழுதி எடுக்கப் போகிறாள்.

ரீச்சர் அக்கா: நேரம் கிடைத்தால் அட்டன் பிள்ளையிடம் காமன் கூத்தைப் பற்றியும் பேச வேண்டும். நம்முடைய வடமோடி, தென்மோடிக் கூத்துக்கு வட்டக்களரி. மலையகத்தில் அவர்கள் மாசியில் ஊரோடு சேர்ந்து ஆடுகிறது வேறு மாதிரி. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவரை ஞாயிறு பின்னேரம் வீட்டுக்குக் கூப்பிடுகிறேன், இரண்டு தாளக்கட்டாவது காட்டட்டும்.

பெரிய மாமா: நல்லது ரீச்சர். ஞாயிறு காலை 5 மணிக்கு வேன் ஒழுங்கை முகப்பில் நிற்கும். பாலத்தால் போய், கொக்கட்டிச்சோலையில் கும்பிட்டு, பட்டிக்குப் போய், களுதாவளையால் சுற்றி வருகிறோம். இடம் 8 பேருக்கு. பிள்ளைகள் 5, நான், ரீச்சர். இன்னும் ஒரு ஆள் ஏறலாம்.

தம்பி: நான்!

அம்மா: உனக்குப் படிக்கிற வேலை இருக்கிறது.

தம்பி: அம்மம்மா சொல்றா, தயிர்ச் சட்டி தூக்க ஆள் வேண்டுமாம்.

அம்மா: சரி, போ. வரும்போது சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வா. நானா, கடையால் மூன்று சட்டி போதும், மற்றது பட்டியில் எடுக்கிறோம்.

கடை நானா: மூன்று சட்டி, எழுதிவிட்டேன்.