நிலாவெளிக் கரையில் கரவன் வண்டியோடு தங்கித் தூண்டில் போடுவது பற்றி

வன்னிப்பயணி:
வணக்கம். ஓகஸ்ட் விடுமுறையில் குடும்பத்தோடு வவுனியாவிலிருந்து திருகோணமலைக்கு வர எண்ணியுள்ளோம். எங்கள் வானில் படுக்கையும் சமையலுக்கு இடமும் அமைத்து அதைக் கரவனாக மாற்றியிருக்கிறேன். உப்புவெளிக்கும் குச்சவெளிக்கும் இடைப்பட்ட கரையில் வண்டியிலேயே தங்கி, காலையும் மாலையும் தூண்டில் போடவேண்டும் என்பது பிள்ளைகளின் பெரிய ஆசை. குளத்து மீன் பிடித்துப் பழகிய எனக்குக் கடல் புதிது. வண்டியை எங்கே நிறுத்தலாம், என்ன மீன் கிடைக்கும், காற்றடைத்த ரப்பர் படகு ஒன்றையும் எடுத்துவரலாமா என்பதை அறிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நிலாவெளியான்:
தம்பி, முதலில் படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்: அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஓகஸ்டில் இங்கே கச்சான் வீசும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, வறண்ட காற்றாக எங்கள் பக்கம் வந்து, தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. அதனால் கரையோரத்தில் பெரும்பாலும் அலை அடங்கியிருக்கும், பார்ப்பவர்களுக்குப் பயமும் வராது. ஆனால் அதே காற்று, பிள்ளைகள் ஏறிய படகைத் துடுப்புப் போட்டுத் திரும்பமுடியாத தூரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். வாடைக்காலக் கொந்தளிப்பு எவருக்கும் கண்ணில் படும், கச்சானின் ஆபத்து அப்படித் தெரியாது என்பதாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன். தூண்டிலுக்கு அந்தக் காற்று நல்லது. முதுகுப்பக்கமிருந்து அடிப்பதால் ஈயம் தூரத்தில் போய் விழும்.

வண்டியை அடம்பன் கொடி படர்ந்த எல்லையைத் தாண்டிக் கடற்பக்கம் இறக்கவேண்டாம். அதற்கப்பால் உள்ள மணலில் சில்லு புதைந்தால் உழவு இயந்திரம் வந்துதான் இழுக்கவேண்டியிருக்கும். புல்மோட்டை வீதியிலிருந்து கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் உள்ள விருந்தினர் விடுதிகளில் கேட்டுப்பாருங்கள். வளவுக்குள் நிறுத்த இடம் கிடைத்தால் கிணற்றுத் தண்ணீரும் கழிப்பறையும் கிடைக்கும். வண்டியின் முதுகு மேற்கே இருந்தால் அதன் மறைவில் அடுப்பு அணையாது. கதவடைத்த வண்டிக்குள் மட்டும் அடுப்பு மூட்டவேண்டாம். அந்தப் புகை உயிரைப் பறிக்கும்.

பாட்டுக்கரை:
அண்ணா, எங்களுடையது கரைவலைக் குடும்பம். இந்தக் கரையில் வெறுமையாகத் தெரியும் பல இடங்கள் ஒவ்வொரு சம்மாட்டியின், அதாவது கரைவலை முதலாளியின், பாடு; அவர் வலை இழுக்கும் இடம். வள்ளத்தில் வலையை வளைத்துவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இழுக்கும்போது, இடையில் ஒருவருடைய தங்கூசி (தூண்டில் நூல்) கிடந்தால் அது வலைக் கண்ணிகளில் சிக்கி, அறுத்தெடுக்கவே எங்களுக்கு நெடுநேரம் பிடிக்கும். ஆகவே முதலில் சம்மாட்டியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டு வருபவர்களை நாங்கள் திருப்பி அனுப்புவதில்லை. வலை கரையேறியதும் இரைக்குப் புதுச் சூடை மீனை அங்கேயே வாங்கலாம். மணல் தரையில் சிறு தூண்டில் முள்ளில் இறால் துண்டு குத்திப் போட்டால் கிழங்கான் எடுக்கும், பிள்ளைகளுக்கு அதுவே ஏற்றது. பொழுதுபடும் நேரத்தில் சூடைக்குப் பாரையும் சீலாவும் வரும். சீலாவின் பல் தங்கூசியை வெட்டிவிடும் என்பதால் முள்ளுக்கு மேலே கம்பி கட்டுங்கள். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது; அங்கே தூண்டில் கூடாது.

உப்புவெளித் தாதி:
கெளிறு தூண்டிலில் வந்தால் வெறுங்கையால் பிடிக்கவேண்டாம். அதன் முதுகிலும் இரண்டு பக்கச் செட்டையிலும் நஞ்சு முள் உண்டு. குத்திவிட்டால், தோல் வேகாத அளவுக்குப் பொறுக்கக்கூடிய சுடுநீரில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருந்து, பிறகு வைத்தியசாலைக்கு வாருங்கள். ஊதிப் பருக்கும் பேத்தை மீனைச் சமைக்கவே கூடாது; அதன் நஞ்சு அடுப்பில் அழிவதில்லை.

வன்னிப்பயணி:
அனைவருக்கும் நன்றி. படகு வராது. இறக்கக்கண்டிப் பாலத்தின் அருகே தூண்டில் போடலாமா?

பாட்டுக்கரை:
போடலாம் அண்ணா. ஆனால் அங்கே களப்பு கடலோடு சேரும் வாயில் நீர் இழுக்கும். பிள்ளைகள் கரையிலேயே நிற்கட்டும், நீங்களும் முழங்காலுக்கு மேல் இறங்கவேண்டாம்.